விற்பவனின் மௌனம்

“வாங்குகிறவன் அல்லவா கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும்? விற்கிறவன் தன் பொருளின் குறையைத் தானே எடுத்துச் சொல்ல வேண்டுமென்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?”

சென்ற தவணை இறுதியில் எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் நண்பரொருவர் இவ்வாறு கேட்டார். கேட்டவர் பாமரர் அல்லர். பட்டதாரி, தோட்டத் தொழிலாளரின் சம்பளப் போராட்டங்களில் முன்வரிசையில் நின்றவர், சுரண்டல் என்ற சொல்லை நாளொன்றுக்குப் பத்துத் தடவையேனும் உச்சரிப்பவர். அங்கிருந்த எழுவரில் ஐவர் அவர் கூற்றை ஆமோதித்தனர். பேச்சு எழுந்தது யாரோ ஒருவர் விற்கவிருந்த பழைய சொகுசு ஜீப் ஒன்றைப் பற்றி. அக்கூற்றை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஆயின் மறுக்க முன்வரும் என் கையிலும் கறை உண்டு. அதனை முதலிற் சொல்லாமல் பிறருக்கு நீதி போதிப்பது அழகன்று.

2023ஆம் ஆண்டின் நடுப்பகுதி. நுவரெலியாவில் வியாபாரம் நடத்தும் கனவான் ஒருவர் நானுஓயாவிலுள்ள என் வீட்டுக்கு வந்தார். தமிழர்தாம்; லயத்தில் பிறந்து மேலே வந்த குடும்பத்தவர்தாம். அவர் மகனுக்கு நான் மாலை வகுப்பில் தமிழ் சொல்லிக் கொடுத்ததுண்டு. “சேர், வண்டியக் குடுக்கப் போறேன். பேப்பருக்குப் போட நல்ல தமிழ்ல ஒரு நாலு வரி எழுதித் தாங்க” என்றார். வாசலில் ஐரோப்பியத் தயாரிப்பான பெரிய ஜீப் ஒன்று நின்றது. தோல் ஆசனங்கள், கூரையில் கண்ணாடி, கதவைத் தொட்டால் தானாகவே இறங்கி வரும் படி.

தேநீரை அருந்தியவாறு, வீட்டிலுள்ள முதியவரின் உபாதைகளைச் சொல்வதுபோல், வண்டியின் நோய்களை அவரே ஒவ்வொன்றாகச் சொன்னார். நீண்ட ஏற்றத்தில் எஞ்சின் சூடேறும். ஹெட் காஸ்கட்டில் கசிவு. ரேடியேட்டர் தண்ணீர் மெல்ல மெல்லக் குறையும். கசிவை அடைக்கும் மருந்தொன்றை ஊற்றி வைத்திருக்கிறார், சில மாதம் தாங்குமாம். பனிக்காலைகளில் பின்புறம் ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கும். காற்றால் இயங்கும் சஸ்பென்ஷனில் எங்கோ ஓட்டை. எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருந்ததாம். ஒரு கராஜில் கணினியைப் பொருத்தி அதை அணைத்தாயிற்று. கிலோமீற்றர் கணக்கு அவர் வாங்கும்போதே பின்னோக்கித் திருப்பப்பட்டிருந்தது. இறுதியாக, எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: இறக்கத்தில் சின்னக் கியர் சில வேளை விழுவதில்லை. “பிரேக்கப் பாத்து மிதிச்சாச் சரி சேர். இதெல்லாம் எழுத வேணாம். யாரு எழுதுறாங்க?”

நான் எழுதவில்லை. எழுதியது இவ்வளவே: ஒரே குடும்பத்தினரின் பாவனையில் இருந்தது, மிகச் சிறந்த நிலையில் உள்ளது, நேரில் கண்டால் விரும்புவீர்கள். பல்கலைக்கழகத்தில் நான்காண்டு தமிழ் பயின்றவனின் நான்கு வரி.

அவ்வண்டியை வாங்கியவர்கள் மூன்று இளைஞர்கள். மூவரும் எங்கள் பாடசாலையில் படித்தவர்கள். இருவர் என் வகுப்பில் இருந்தவர்கள். நானுஓயா நிலையத்தில் ரயிலை விட்டு இறங்கும் வெளிநாட்டுப் பயணிகளை நுவரெலியாவுக்கும் ஹோட்டன் சமவெளிக்கும் ஏற்றிச் செல்வது அவர்கள் திட்டம். நல்ல வாகனம் இருந்தால் பெரிய ஹோட்டல்கள் கூப்பிடும் என்று எவரோ நம்பிக்கை ஊட்டியிருந்தனர். விலை எண்பது இலட்சம் ரூபாய். பாதியை லீசிங் கம்பனி கொடுத்தது. மறுபாதியில் ஒருவனுடைய கட்டார் நாட்டு உழைப்பு இருந்தது. ஒருவன் வீட்டு நகைகள் இருந்தன. மூன்றாமவனின் தாய் முப்பது ஆண்டுக்கு மேல் கொழுந்து பறித்துப் பெற்ற சேமலாப நிதி இருந்தது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல்தான் 1,000 ரூபாயாயிற்று, 2023இலும் அதுவே. எண்பது இலட்சம் என்பது அக்கணக்கில் 8,000 நாட்கள். ஆண்டுக்கு 300 நாள் தவறாமல் வேலை கிடைத்தாலும் இருபத்தாறு ஆண்டுக்கு மேற்பட்ட கூலி.

பரீட்சித்துப் பார்த்தார்களா என்று கேட்பீர்கள். பார்த்தார்கள். கிரகரி வாவியைச் சுற்றியுள்ள சமதளப் பாதையில் கனவானே உடன் அமர்ந்து ஓட்டக் கொடுத்தார். ஏற்றமும் இறக்கமுமே வாழ்வாய் அமைந்த நுவரெலியா மாவட்டத்தில் பரீட்சைக்குத் தெரிந்தெடுக்கப்பட்டது ஏரிக்கரை!

நாற்பது நாள் ஓடிற்று. மருந்து கரைந்தது, அட்டனிலிருந்து ஏறி வரும் வழியில் எஞ்சின் கொதித்து நின்றது. கடன்பட்டுத் திருத்தினார்கள். பின்னொரு நாள் நானுஓயாவிலிருந்து தலவாக்கலையை நோக்கி இறங்குகையில் பிரேக் மிதி அடிவரை சென்றது. ஓட்டியவன் பதற்றமடையாமல் வண்டியை மலைப்பக்கம் உராயவிட்டு நிறுத்தினான். உள்ளே பயணிகள் இருவர் இருந்தனர். எவரும் இறக்கவில்லை. ஏழாம் மாதம் லீசிங் கம்பனியார் வந்து வண்டியை இழுத்துச் சென்றனர். கட்டாரிலிருந்து வந்தவன் மீண்டும் கட்டாருக்கே போனான். கனவானிடம் நியாயம் கேட்கச் சென்றவர்களுக்கு, “ஓட்டிப் பாத்துத்தானே வாங்குனீங்க தம்பி?” என்ற பதில் கிடைத்தது. என்னிடம் வந்தவன் பத்திரிகைத் துண்டை நீட்டினான். “சேர், இது நீங்க எழுதுனதாமே?” என்றான். கோபமாகக் கேட்கவில்லை. ஆசிரியரிடம் கோபிக்கக் கூடாதென்று நாங்கள்தாமே அவனுக்குக் கற்பித்திருந்தோம்.

இனி நண்பரின் கேள்விக்கு வருவோம்.

எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது என்றார். ஒரு காலத்தில் எழுதியிருந்தது. பண்டை உரோமாபுரியின் சந்தைகளை மேற்பார்வை செய்த ஈடில் எனப்பட்ட அதிகாரிகள், அடிமைகளையும் கால்நடைகளையும் விற்போர் அவற்றின் நோயையும் குறையையும் வெளிப்படையாக அறிவிக்க வேண்டுமென ஆணையிட்டிருந்தனர். அறிவிக்காவிடின் வாங்கியவன் ஆறு மாதத்துக்குள் பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம். அல்லது ஓராண்டுக்குள் விலைக்குறைப்புக் கேட்கலாம். விற்றவன் குறையை அறிந்திருக்கவில்லை என்பதுகூடச் சாட்டாகாது. (அச்சட்டம் காத்தது அடிமையை வாங்கிய ஆண்டையையே அன்றி, விற்கப்பட்ட மனிதனை அன்று. அதனை நான் போற்ற வரவில்லை.) இந்தக் கோட்பாடு ஒல்லாந்தரின் வழியாக, உரோம-டச்சுச் சட்டத்தின் பகுதியாக, இலங்கையிலும் கால்கொண்டது. பின்னர் ஆங்கிலேயர் 1893இல் தம் நாட்டில் இயற்றிய பொருள் விற்பனைச் சட்டத்தை மாதிரியாகக் கொண்டு, 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தை இங்கே கொணர்ந்தனர். அசையும் பொருள்களைப் பொறுத்தவரை பழைய பாதுகாப்பு அத்துடன் போயிற்று. வாங்குபவனே எச்சரிக்கையாய் இருக்க வேண்டும் என்ற வணிகர் வேதம் அரியணை ஏறிற்று. வியாபாரமாக விற்பவனுக்கே சில கடப்பாடுகள். தன் சொந்த வண்டியை விற்கும் கனவானுக்கு வாய் திறவாதிருக்கும் உரிமை. பொய் சொன்னால் வழக்குண்டு. மௌனம் சாதித்தால் அநேகமாக இல்லை.

1885இல் ரயில்பாதை நானுஓயாவை வந்தடைந்தது. 1896இல் இச்சட்டம் வந்தது. இரண்டும் ஒரே கூட்டத்தாரின் வசதிக்காகவே வந்தன என்று கூறுவது மிகையாகாது. வாங்குபவனும் விற்பவனும் சமமான அறிவும் சமமான பணமும் உடைய இரு வர்த்தகர்கள் என்று கற்பனை செய்துகொண்டு எழுதப்பட்ட சட்டம் அது. எஞ்சினியரைக் கூட்டிவந்து பரிசோதிக்க வல்ல துரைக்கும், தாயின் சேமலாப நிதியைக் கையிற் பிடித்துக்கொண்டு வரும் இளைஞனுக்கும் அது ஒன்றேபோல் கண்ணைத் திறந்து பார் என்கிறது. ஹெட் காஸ்கட்டைக் கண்ணால் பார்க்க முடியுமா? எஞ்சினைப் பிரித்தால் முடியும். விற்கு முன் எஞ்சினைப் பிரிக்க எந்தக் கனவான் சம்மதிப்பார்?

வேடிக்கை என்னவெனில், இந்த வேதத்தை நமக்குத் தந்த ஆங்கிலேயர் தம் நாட்டு வீதிகளை அதன் கையில் ஒப்படைக்கவில்லை. அங்கே 1960 முதல் பழைய வண்டிகளுக்குக் கட்டாயப் பரிசோதனை உண்டு. இன்று மூன்றாண்டைக் கடந்த கார்கள் ஆண்டுதோறும் பரிசோதிக்கப்படுகின்றன. வீதியில் ஓடத் தகுதியற்ற வண்டியை விற்பதே அவர்களது 1988ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின்படி குற்றம். இங்கோ தனியார் காரோ ஜீப்போ ஆண்டு அனுமதிப்பத்திரம் பெறப் புகைச் சான்றிதழும் காப்புறுதியும் இருந்தாற் போதும். புகை சுத்தமாக வருகிறதா என்று அரசு கேட்கிறது. பிரேக் பிடிக்கிறதா என்று கேட்பவர் இல்லை.

பிரேக் என்றவுடன் எங்கள் ஊரார் நினைவு ஓரிடத்துக்கே செல்லும். 2023 ஜனவரி 20ஆம் திகதி இரவு நானுஓயா ரதெல்ல குறுக்குப் பாதையில், கொழும்பிலிருந்து கல்விச் சுற்றுலா வந்த மாணவரை ஏற்றிய பேருந்து ஒரு வான் மீதும் முச்சக்கரவண்டி மீதும் மோதிப் பள்ளத்தில் வீழ்ந்தது. வானிலும் முச்சக்கரவண்டியிலும் இருந்தோரில் ஏழு பேர் மாண்டனர். பிரேக் செயலிழந்ததாக அன்றைய செய்திகள் கூறின. அதற்கும் பழைய வண்டி விற்பனைக்கும் தொடர்பு உண்டென்று நான் சொல்லவில்லை. எங்கள் வீதி எத்தகையது என்பதற்காகவே அதனைக் குறிப்பிடுகிறேன். மலையிறக்கத்தில் சிறிய கியரில் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்க வேண்டும். கியர் விழாவிட்டால் இரண்டரைத் தொன் பாரமும் பிரேக்கின் மேல் விழும், பிரேக் சூடேறும், அதன் எண்ணெய் கொதித்துக் குமிழி விடும், மிதி பஞ்சுபோலாகும். அப்போது எதிரே வருபவர் யார்? கொழுந்து மூட்டையுடன் வீதியைக் கடக்கும் பெண். பாடசாலை விட்டு வரும் பிள்ளை. அவர்கள் விளம்பரத்தைப் படித்தவர்கள் அல்லர். விலை பேசியவர்கள் அல்லர். ‘பார்த்து வாங்கு’ என்பார் இவர்களுக்கு என்ன சொல்லப் போகிறார்கள்? பார்த்துச் சாவு என்றா?

நண்பரின் கூற்றில் நான் காணும் பெரும் பிழை இதுதான். விற்பனையை இருவருக்கிடையிலான சமாசாரமாக அவர் கருதுகிறார். ஓடும் வாகனத்தின் குறை இருவருக்குள் அடங்குவதன்று. பணம் கனவானின் பெட்டிக்குள் போயிற்று. குறை வீதியிலுள்ள அனைவருக்கும் பங்கிடப்பட்டது. இலாபம் தனியுடைமை, ஆபத்து பொதுவுடைமை! இந்த ஏற்பாட்டை ஆலை முதலாளி செய்தால் எதிர்க்கும் நாம், அடுத்த வீட்டுக்காரர் செய்தால் சாமர்த்தியம் என்கிறோம்.

கனவானின் வாதத்தையும் மறைக்கலாகாது. “எனக்கு வித்தவன் சொன்னானா சேர்? நான் மட்டும் ஏன் நட்டப்படணும்?” என்று அவர் கேட்டார். உண்மை; அவரும் ஏமாற்றப்பட்டவரே. அவருக்குக் கொழும்பில் விற்றவரும் ஒருவேளை ஏமாற்றப்பட்டவராக இருக்கலாம். இத்தகைய வண்டிகளின் வழிமரபை ஆராய்ந்தால் நம் சமுதாயத்தின் அமைப்பே தெரியும். தீர்வையற்ற அனுமதிப்பத்திரத்தில் ஒரு பெரிய மனிதரின் பெயரால் வந்து இறங்கும். மக்கள் பிரதிநிதிகள் பெற்ற அனுமதிப்பத்திரங்களே கைமாறி விலைபோனமை நாடறிந்த சங்கதி. புதுமெருகு இருக்கும்வரை கொழும்புச் செல்வர் ஓட்டுவார். முதற்கோளாறு கண்டவுடன் கண்டிக்கோ நுவரெலியாவுக்கோ தள்ளுவார். படிதோறும் விலை இறங்குகிறது, குறை ஏறுகிறது. அடிப்படியில் நிற்பவன், இனித் தள்ளிவிட ஆளில்லாதவன், மொத்த நட்டத்தையும் தலையில் தாங்குகிறான். ஆகவே ‘நானும் ஏமாந்தேன்’ என்பது நியாயம் ஆகாது. தன்னை ஏமாற்றியவனை எதிர்க்கத் துணிவில்லாதவன் தன்னிலும் எளியவனைத் தேடிப் பிடிக்கிறான் என்பதே அதன் பொருள். மத்தியதர வர்க்கத்தின் குணமே இதுவெனச் சொல்லிவிடலாம். ஆனால் விளம்பரம் எழுதியவன் நான் என்பதால் அத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

இன்னொன்று. வேண்டாமென்றால் வாங்காமல் விடலாமே என்பர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அக்கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்தாண்டும் பழைய வண்டி பொன்னாயிற்று. வாங்கிய விலைக்கு மேல் விற்றவர் ஏராளம். வேறு தெரிவே இல்லாதவனைப் பார்த்துத் ‘தெரிந்து வாங்கு’ என்பது கொடிய பரிகாசம்.

இந்த விவகாரம் புதியதும் அன்று. ஈராயிரம் ஆண்டுக்கு முன் உரோமப் பேச்சாளர் சிசரோ, கடமைகளைப் பற்றித் தம் மகனுக்கு எழுதிய நூலின் மூன்றாம் பகுதியில் இதையே ஆராய்ந்தார். பாம்புகள் நடமாடும், மரங்கள் உளுத்த, இடியும் நிலையிலுள்ள வீட்டை ஒருவன் விற்கிறான். குறையை அறிந்தவன் அவன் மட்டுமே. சொல்ல வேண்டுமா? ஆம் என்கிறார் அந்திப்பாத்தர் என்ற அறிஞர். வேண்டியதில்லை என்கிறார் அவருடைய ஆசிரியர் தயோசெனீசர். நல்ல வீடு, நன்றாகக் கட்டிய வீடு என்று பொய்யாக விளம்பரம் எழுதியவனைக்கூட உலகம் ஏமாற்றுக்காரன் என்பதில்லையே, வெறுமனே வாய்மூடி இருந்தவனை எப்படிச் சொல்லலாம் என்பது அவர் கட்சி. இதைப் படித்தபோது எனக்கு வியர்த்தது. இறுதியில் சிசரோ, சொல்லியே ஆக வேண்டும் என்று தீர்க்கிறார். அவர் நிலவுடைமையாளர், அடிமைகளை வைத்திருந்தவர். அவருக்கே விளங்கிய நியாயம் முற்போக்காளரான நம் ஓய்வறைக்கு எட்டவில்லை. நம்மிடமும் இல்லாததன்று. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் பழிக்கு அஞ்சி உண்மை பேசியதைப் பட்டினப்பாலை சிறப்பித்துக் கூறும் பகுதியை ஆண்டுதோறும் விளக்குபவர்கள் நாம். வாய்மை அதிகாரத்துக்குப் பொழிப்புரை எழுதுவிப்பவர்களும் நாமே.

அமெரிக்கப் பொருளியலாளர் ஜோர்ஜ் அக்கர்லோவ் 1970இல் பழைய கார்ச் சந்தையையே எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வு எழுதினார். 2001இல் நோபல் பரிசு பெற்றோருள் அவரும் ஒருவர். குறை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது; ஆகவே வாங்குபவன் எல்லா வண்டிக்கும் நடுத்தர விலையே கொடுப்பான்; அவ்விலை கட்டாத நல்ல வண்டிக்காரன் விலகுவான்; சந்தையில் எஞ்சுவது கழிவே. மறைப்பவன் ஒருவனை ஏமாற்றுவதோடு நில்லாமல் நேர்மையாளனையும் விரட்டுகிறான் என்பது முதலாளித்துவப் பொருளியலே ஒப்புக்கொண்ட உண்மை. ஆனால் உத்தரவாதமும் வியாபாரப் பெயரும் இக்குறையை ஓரளவு தீர்க்குமென்று அவர்கள் ஆறுதல் கொள்வர். பெரும் பெயர்களின் இலட்சணத்தையும் பார்த்தோம். பரிசோதனை நடக்கும் வேளையை அறிந்து புகையை அடக்கும் கணினி நிரலைத் தன் டீசல் வண்டிகளில் பொருத்தியிருந்த வோக்ஸ்வாகன் கம்பனி 2015இல் பிடிபட்டது. உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடி 10 இலட்சம் வண்டிகள். சாவித்துளைக் குறைபாட்டால் ஓடும்போதே எஞ்சின் அணையும் வண்டிகளை ஜெனரல் மோட்டர்ஸ் 2014இல்தான் திரும்பப் பெறத் தொடங்கிற்று. கம்பனிக்குள் பத்தாண்டுக்கு மேல் அறிந்திருந்தனர். அதன் நட்டஈட்டு நிதியமே 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. எங்கள் கனவான் கராஜில் அணைத்த விளக்கு இந்தப் பெருவிளக்குகளின் குட்டி.

ஆகவே மனச்சாட்சியை மட்டும் நம்பியிருத்தல் போதாது. வண்டி கைமாறும்போது தனக்குத் தெரிந்த குறைகளை விற்பவன் எழுதிக் கையொப்பமிட வேண்டும். மறைத்தது பின்னர் நிரூபணமானால் பணத்தைத் திருப்ப வேண்டும். பெயர் மாற்றத்துக்கு முன் பிரேக், ஸ்டியரிங், டயர் ஆகியவற்றை அரசு அங்கீகரித்த இடத்தில் பரிசோதித்த சான்றிதழ் கட்டாயமாக வேண்டும். வாங்குபவன் பெயரின்றிக் கையொப்பம் மட்டும் இட்டுக் கொடுக்கும் ‘ஓப்பன் பேப்பர்’ வழக்கம் ஒழிய வேண்டும். குறைக்குரியவன் மறைந்துகொள்ளும் பொந்து அதுவே. வட்டி வாங்கும் லீசிங் கம்பனி வண்டியின் பெறுமதியை மதிப்பிட ஆள் அனுப்புகிறது. அதே ஆள் வண்டி ஓடத் தகுந்ததா என்றும் எழுதித் தரட்டுமே! இவற்றுக்குச் செலவாகும் என்பர். ஆகட்டும், விற்பவன் கொடுக்கட்டும். 2025இல் ஜனாதிபதி செயலகத்தின் சொகுசு வாகனங்கள் ஏலத்தில் விடப்பட்டபோது நாமெல்லாம் மகிழ்ந்தோம். அவை உருக்கப்படவில்லை, யார் யாரோ வாங்கினார்கள், இன்னும் சில ஆண்டில் அவற்றுட் சில எங்கள் மலைப்பாதையிலும் ஏறும். அதே ஆண்டு நவம்பரில் டித்வா புயலின் வெள்ளம் எத்தனை வாகனங்களை மூழ்கடித்தது! கழுவி, உலர்த்தி, வாசனைத் திரவியம் தெளித்த ஆசனங்களுடன் அவையும் சந்தைக்கு வரும். வெள்ளத்தில் நின்றதென எந்த விளம்பரம் சொல்லப் போகிறது?

ஓய்வறை நண்பர் இப்போது என்னோடு அதிகம் பேசுவதில்லை. சென்ற மாதம் வேறொருவர் வந்தார்; பழைய ஜீப்தான்; நான்கு வரிதான். குறைகளைச் சொல்லுங்கள் ஐயா, அவற்றை முதல் வரியில் எழுதுகிறேன் என்றேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டு, “அப்ப நான் வேற மாஸ்டரப் பாக்குறேன்” என்று எழுந்து போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை விளம்பரம் வந்துவிட்டது. மிகச் சிறந்த நிலையில் என்றே இருந்தது. வண்டியின் சேஸியில் துருப்பிடித்த ஒட்டு ஒன்று இருப்பதை என் வாசலிலேயே கண்டிருந்தேன். விளம்பரத்தைக் கத்தரித்து, அந்த ஒட்டு எவ்விடத்தில் உள்ளது என்று அதன் பின்புறம் எழுதி, நானுஓயா நிலையத்தில் வாடகை வண்டி ஓட்டும் என் பழைய மாணவர்களிடம் கொடுத்தனுப்பினேன்.